பழைய கம்ப்யூட்டர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மக்கா,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மறந்துபோய் அல்ல. உன்மேல் நான் பழி சொன்னது கதவை அடைத்துக்கொண்டு அல்ல. உன் அப்பா, அத்தை, கல்யாண வேலைக்கு வந்து நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படிதான். அதைத் திரும்ப எடுப்பதை மட்டும் ஒட்டிய கவருக்குள் வைத்து நீட்டினால் நியாயமில்லை. அதனால் இதை மூன்று பிரதி எடுக்கப்போகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் அத்தைக்கு, ஒன்று ஆரியங்கோட்டில் உன் பெரியப்பாவுக்கு. உன்னுடையது உன் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், சர்டிபிகேட் கவருக்கு மேலே இருக்கும். திங்கட்கிழமை பாறசாலையில் பாசஞ்சர் ஏறி, நாகர்கோவிலில் மாறி, சென்னை வண்டியில் உனக்கு இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு படி. அதற்கு முன்பே கண்ணில் பட்டுப் படித்துவிட்டாயென்றால், அடுக்களைக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. எனக்கு அதைத் தாங்கத் தெரியாது.

பெட்டிக்குப் பூட்டு இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று போதும் என்று நீ சொல்வாய். சென்னை அறையில் உன்னோடு தங்கப்போகும் மற்ற மூன்று பேரும் யார், எந்த ஊர், எப்படிப்பட்டவர்கள் என்று உனக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான் நான். இருபது வயதில், பி.எஸ்ஸி. ரிசல்ட் வந்த அடுத்த மாதமே உன்னைக் கையில் வாங்கினேன். இன்னும் நாற்பது ஆகவில்லை. நீ வளர்ந்து முடித்துவிட்டாய். நான் அம்மாவாக இன்னும் பழகிக்கொண்டே இருக்கிறேன். பால் குடித்துவிட்டு நீ தூங்கினால், தூங்குகிறாயா, மூச்சு நின்றுவிட்டதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அந்த விரலை நான் பிறகு எடுக்கவே இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒன்றாம் வகுப்பில் நீ ஒரு புதுப் பென்சிலோடு வந்தாய். டீச்சர் தந்தார்கள் என்றாய். நான் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். டீச்சர் சிரித்தார்கள். "நான்தான் குடுத்தேன். கையெழுத்து நல்லா இருந்தது. எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்குப் பென்சில் குடுக்கக் கூடாதா?" என்றார்கள். திரும்பி வரும் வழியில் நீ பென்சிலை வாய்க்காலில் போட்டுவிட்டாய். அன்றைக்கே நான் படித்திருக்க வேண்டிய பாடம் அது. படிக்கவில்லை.

நம் வீட்டு முன்னறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை நான் வாங்கியது நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸாகி வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று, கல்யாணக் கார்டு, சபையின் ஆண்டறிக்கை, ஞானஸ்நானச் சர்டிபிகேட் என்று தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். நம் பக்கத்தில் கார்டு என்றால் ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ். இரண்டும் பிழையில்லாமல் அடிக்க ஆள் குறைவு. அதனால் என் பெயர் நெய்யாற்றின்கரை வரைக்கும் போனது. நீ டிப்ளமோ சேர்ந்த பிறகு உன் அறைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது, அதோடு பிரிண்டரும். நான் அடித்ததை ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு உன் அறைக்கு ஓடி வருவேன். பாதி நாள் ஃபிளாப்பி திறக்காது. அதைப் பார்த்துச் சகிக்காமல்தான் நீ அந்தக் கறுப்பு வயரை வாங்கி வந்தாய். கதவு நிலைக்கு மேலே துளை போட்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கும் பின்னால் ஆளுக்கொரு கார்டு சொருகி, முனைகளில் மூடி போல ஏதோ ஒன்றைத் திருகி மாட்டினாய். அந்த மூடி கழன்றால் இரண்டும் ஒன்றையொன்று மறந்துவிடும் என்றாய். டி.வி. கேபிள் எடுத்திருக்கிறோம் என்று பார்த்தவர்கள் எல்லாம் நினைத்தார்கள்.

எனக்கு அந்த வயரைப் பிடிக்கவே இல்லை. உன் அறையில் உட்கார்ந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நீ வரலாம் என்றால், என் வீட்டுக்கு நான் அறியாத இன்னொரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. நான் கேட்டேன்: "அப்போ நான் எழுதுறதெல்லாம் நீ வாசிப்பியா?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நீங்க எழுதுறது ஊரான் கல்யாணம். அதை வாசிச்சு நான் என்ன செய்ய?" பிறகு என் பக்கத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தாய். யாருக்குப் படிக்க மட்டும் அனுமதி, யாருக்குத் திருத்தவும் அனுமதி என்று தனித்தனியாக வைக்கலாம் என்று காட்டினாய். உன் பக்கத்தை மட்டும் எனக்கு முழுதாகத் திறந்து வைத்தாய். அதுவும் எனக்குச் சந்தேகமாயிற்று. இப்போது சொல்கிறேன்: நீ காலேஜுக்குப் போன பகல்களில் நான் அந்த வயர் வழியாக உன் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாட்டுகளின் பட்டியல், பரீட்சைக் கேள்விகள், ஒரு கிரிக்கெட் டீமின் பெயர்கள். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒன்றும் இல்லையே, அப்படியானால் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லாததையே சாட்சியாக எடுத்துக்கொண்ட அம்மாவிடம் நீ எதைக் காட்டி ஜெயித்திருக்க முடியும்?

அந்த நாட்களில் நீ எனக்கு மூன்று காரியம் சொல்லித் தந்தாய். மூன்றும் இந்தக் கதைக்கு வேண்டும். ஒன்று: "அம்மா, கரண்டு எப்பப் போகும்னு தெரியாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க சேவ் பண்ணிரணும்." அது என் விரலுக்குப் பழகிவிட்டது; எதையாவது சும்மா திறந்து பார்த்தால்கூட மூடுவதற்கு முன் விரல் தானாகப் போய் சேவ் அடித்துவிடும். இரண்டு: "ரெண்டு கம்ப்யூட்டரிலயும் ஒரே ஃபைலு இருந்தா, எதில தேதி புதுசோ அதை வச்சுக்கிட்டு மற்றதை மாத்திருங்க. அதுவே கேக்கும், ஆமான்னு அடிங்க." மூன்று: "பழசுக்கு உள்ள இருக்கிற பாட்டரி போச்சு. பலகையோட பத்தவச்சதாக்கும், மாத்த ஆளு வேணும். அதுவரைக்கும் ஆஃப் பண்ணினா அதுக்க கடிகாரமும் அப்படியே நின்னுரும். ஆன் பண்ணும்போது தேதி கேக்கும், மணி கேக்கும். பார்த்து அடிக்கணும், கேட்டியளா?" கேட்டேன். முதல் ஒரு வாரம் அடித்தேன். பிறகு, சபைத் தாள் போலத் தேதி அச்சாகும் வேலைக்கு மட்டும் பார்த்து அடிப்பேன்; மற்ற நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு ஓடி வருகிறவளுக்குத் தேதி என்ன, மணி என்ன? என்டர், என்டர். இரண்டு தட்டு. திரை வந்துவிடும். உன்னிடம் சொல்லவில்லை; நீயும் கேட்கவில்லை.

அத்தையின் கல்யாணம் நிச்சயமானபோது உன் அப்பாவும் பெரியப்பாவும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்து எல்லைப் பாதைதான் காரணம், உனக்குத் தெரியும். அதனால் கார்டில் முதலில் பெரியப்பாவின் பெயர் இல்லை. தமிழ்ப் பக்கத்தைப் பழைய கம்ப்யூட்டரில் நான் அடித்தேன். மலையாளப் பக்கத்தைப் புதியதில் நீ அடித்தாய். ஆனால் அத்தை, "எனக்கு அப்பா இல்ல. மூத்த அண்ணன் கையைப் பிடிச்சுட்டு வராம நான் கோயிலுக்குள்ள கேற மாட்டேன்" என்று சாப்பிடாமல் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை உன் அப்பா ஆரியங்கோட்டுக்குப் போய் அண்ணன் காலடியில் உட்கார்ந்து பேசி, சரி பண்ணிவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணன் பேரை முதல்ல போடணும், இப்பவே போடு" என்றார். வயர் வழியாக என் தமிழ்ப் பக்கத்தை உன் அறைக்கு எடுத்து, இரண்டு பக்கத்திலும் நீதான் பெயரைச் சேர்த்தாய். அடித்துக்கொண்டே நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை: "வெட்டுக்காரன் அடிச்சா பெரியப்பாக்க பேரு செரியாகுமா அம்மா?" எஞ்சினீயரிங் என்ட்ரன்ஸ் உனக்குக் கிடைக்காதபோது, பேச்சில்லாத அந்தக் காலத்திலும், உறவுக்காரர் வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு வந்த இடத்தில் எல்லார் முன்னாலும், "இவனுக்கு ரப்பர் வெட்டுதான் லாயக்கு" என்று அவர் சொன்னதை நீ நெஞ்சில் வைத்திருந்தாய். அந்த வார்த்தையை நான் அன்று என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். திரையில் பெயரைக் காட்டினாய். நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் வாசித்துப் பார்த்தோம். "உங்க கம்ப்யூட்டரிலயும் நாளைக்கு மாத்தி வைக்கேன்" என்றாய்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். நான் சபையின் அறிவிப்புத் தாளை அவசரமாக அடித்து முடித்து, பழைய கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிவிட்டு, ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குக் கிளம்பினேன். எல்லாரும் போனோம், நீ மட்டும் போர்வைக்குள். திங்கட்கிழமை வேலை முடித்து உட்கார்ந்து பழையதைப் போட்டேன். வேறு இரண்டு வேலை பார்த்தேன். பிறகு நம் கார்டின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கோயில் பெயர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன். அதன்பின் உன் அறைக்குப் போய் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் கேட்டது: இங்கே சனிக்கிழமை ஃபைல் ஒன்று இருக்கிறது, அங்கே ஞாயிற்றுக்கிழமை ஃபைல் ஒன்று இருக்கிறது, மாற்றட்டுமா? சனிக்குப் பிறகு ஞாயிறு. ஆமாம் என்றேன். எடுத்த தாளில் ஓரம் வெட்டுப்படவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். வாசித்த ஃபைல்தானே என்று யாரும் திரும்ப வாசிக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் அச்சாகி, கவரில் போட்டு, கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தது.

முதல் கார்டைக் கோயிலில் வைத்து ஜெபித்துவிட்டு, இரண்டாவதை உன் அப்பாவும் நானும் ஆரியங்கோட்டுக்குக் கொண்டுபோனோம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மலையாளப் பக்கத்தை வாசித்தார். தன் பெயரை உரக்க வாசித்துத் தலையாட்டினார். பெரியம்மா பாலில்லாத கட்டஞ்சாயாவோடு வந்து நின்றாள். பிறகு திருப்பினார். விரல் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தது.

"எலே தம்பி, மலையாளத்தில நான் உண்டு. தமிழில நான் செத்துப்போனேனா?"

உன் அப்பா கார்டைப் பறிக்காத குறையாக வாங்கிப் பார்த்தார். "அண்ணா, இது பிழையாக்கும். வேற அடிச்சுட்டு வாறோம்."

"பிழைன்னா ரெண்டு பக்கமும் பிழைக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாசிக்கிற பக்கம் செரியாட்டு இருக்கு. நம்ம ஆளுவ வாசிக்கிற பக்கத்தில மட்டும் என்னைத் தூக்கியாச்சு. இது தெரிஞ்சு செய்ததாக்கும்." என் பக்கம் திரும்பினார். "பிள்ளே, இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் உனக்க மொவன்தானே?"

நான் அப்போது 'இல்லை, அடித்தது நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன். குனிந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் அதற்காகத்தான் குனிந்தேனோ என்று இன்றுவரை என்னையே எனக்குச் சந்தேகம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஃபைலைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து பத்து. சனிக்கிழமை என் கண்ணால் பார்த்த பெயர், ஞாயிற்றுக்கிழமை பத்து பத்துக்கு யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டேன். நடுவீட்டில் பந்தல்காரர்கூட நின்றிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை காலம்பற பத்து பத்துக்கு இந்த வீட்டில யாரு இருந்தா?"

"நான். காய்ச்சல்."

"வேற யாரு?"

"பூனை."

அத்தை எப்படியாவது சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தாள். "பூனைக்குத் தமிழ் டைப்பிங் தெரியுமாடே?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, நான் உங்க கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. எழும்பி நிக்கவே முடியல்ல."

"பின்னே ஃபைலு தானாட்டு மாறிச்சா? வெட்டுக்காரன்னு சொன்னதுக்குத் தீர்த்துட்டே, இல்லியா?"

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பென்சில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "மெஷின் சொன்னா செரி. நான் சொன்னா கள்ளம்," என்றாய். உன் அப்பா உன்னை அடிக்கவில்லை. எழுந்து போய் அந்த வயரைப் பிடித்து இழுத்தார். கதவு நிலையிலிருந்து காரை உதிர்ந்தது. அந்த வயரை நீயே சுற்றி ஆணியில் மாட்டினாய். ஞாயிற்றுக்கிழமை உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள் நான். சூடு இருந்தது, எனக்குத் தெரியும். இருந்தும் அன்று சாயங்காலம், காய்ச்சலையும் நீ எப்படியோ வரவழைத்துக்கொண்டிருப்பாய் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று பெரியப்பா வரவில்லை. அத்தையின் கையைப் பிடித்து உன் அப்பா கோயிலுக்குள் கூட்டி வந்தார். அவள் நடந்தது ஞாபகமிருக்கிறதா? வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். போட்டோ எல்லாவற்றிலும் அவள் முகம் பக்கவாட்டில்தான். நீ பந்தி விளம்பிக்கொண்டே இருந்தாய். யாரும் உன்னிடம் பேசாத இடமாகப் பார்த்து நின்றாய். அதன்பின் நீ முன்னறைப் பக்கம் வரவில்லை. 'சோறு', 'வேண்டாம்', 'போயிட்டு வாறேன்' - இந்த மூன்று வார்த்தைக்கு மேல் என்னிடம் நீ பேசியதில்லை.

பிறகு உனக்கு இந்தச் சென்னை வேலைக்கு இன்டர்வியூ வந்தது. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும், அதைத் திருத்தும் வேலை என்று அப்பாவிடம் நீ விளக்கிச் சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். உன் பயோடேட்டாவை அடித்துத் தரச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை உட்கார்ந்து அடித்தேன். முடித்துவிட்டு ஃபைல் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்தேன். பக்கத்தில் வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி என்று இருந்தது. பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? யார் வந்தார்கள் என்றுதான். ஜன்னல் கொக்கிகளைப் போய்ப் பார்த்தேன். பின்வாசல் பூட்டைப் பார்த்தேன். சந்தேகப்பட ஆள் தேடி வீடு முழுக்க நடந்து, ஒருவரும் கிடைக்காமல் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், ஐந்து நிமிடம் முன்பு நானே அடித்து நானே சேவ் பண்ணிய ஃபைல் இது என்று உறைத்தது. வெள்ளிக்கிழமை தேதி பார்த்துப் போட்டு, ஆராதனைத் தாளை அடித்து, கோயிலுக்குப் போகும் முன் பதினொன்றரைக்கு ஆஃப் பண்ணியிருந்தேன். இன்று போட்டதும் என்டர், என்டர். கம்ப்யூட்டருக்கு இன்னும் வெள்ளிக்கிழமை பதினொன்றரைதான். அதற்குமேல் நான் ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் போட்டேன். அறிவிப்புத் தாளுக்காகத் தேதியும் மணியும் பார்த்து அடித்து, எட்டு ஐம்பதுக்கு ஆஃப் பண்ணியது. திங்கட்கிழமை போட்டு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஊரார் வேலை. பிறகு நம் கார்டைச் சும்மா திறந்தேன், மூடினேன். மூடும் முன் விரல் சேவ் அடித்திருக்கும். அது பெயர் சேர்க்காத பழைய பக்கம். நீ மாற்றி வைப்பதாகச் சொன்ன பக்கம். காய்ச்சலில் உன்னால் மாற்ற முடியாமல் போனது. அதைத்தான் நான் புதியது என்று நினைத்து, நீ சேர்த்த பெயரின்மேல் தூக்கி வைத்து, ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பத்து பத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை மக்கா. அது திங்கட்கிழமை. அது நான்.

தெரிந்த அன்றே சொல்லவில்லை. மூன்று மாதம் ஆகிறது. ஏன் என்று நீ கேட்பாய். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன்மேல் இருக்கும்வரை அது கோபக்காரப் பையன் செய்த காரியம்; ஒருநாள் மறப்பார்கள். என்மேல் வந்தால், அண்ணன் தம்பியைப் பிரிக்கத் தம்பி பெண்டாட்டி செய்த காரியம். பிழை என்று சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னைப் போல ஒருத்தி எதிரே நின்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். உன் டிக்கெட் வந்த பிறகுதான் பயம் திசை மாறியது. கள்ளம் சொன்னவன் என்று என்னிடம் பேர் வாங்கிக்கொண்டு நீ வண்டியேறிவிட்டால், திரும்பி வருவதற்கு உனக்கு என்ன இருக்கிறது?

முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆணியில் தொங்கும் வயரைப் பார்த்தார். "அவன்கிட்ட நீ சொல்லுறியா, நான் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை, சபைத் தாளுக்காகத் தேதி பார்த்துப் போட்டிருந்த கம்ப்யூட்டரை மதியம் இரண்டு மணிக்கு ஆஃப் பண்ணிவிட்டு, தனியாக பஸ் ஏறி ஆரியங்கோட்டுக்குப் போனேன். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பெத்த அம்மை அப்படித்தான் பறயுவா. பயல் ஊரு விட்டுப் போறான், பழியை நீ சுமக்கே. செரி, சாயா குடிச்சுட்டுப் போ," என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் உண்மையைச் சொல்கிறேன், முகத்துக்கு நேரே நம்ப மாட்டேன் என்கிறாரே என்று. அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நீ ஆறு மாதமாக அதோடுதான் இந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாய்.

"அத்தான், நீங்க நாளைக்கு வீட்டுக்கு வாங்க. நான் காட்டுதேன்," என்றேன். "காட்டு," என்றார்.

நேற்று நீ ஷூ வாங்கத் திருவனந்தபுரம் போயிருந்தாய் அல்லவா, பதினொரு மணிக்கு வந்தார். நம் வாசலை மிதித்து எத்தனை நாள்! நாற்காலியில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டேன். அது தேதி கேட்டது. "இதை ரெண்டு தடவ அமுக்குங்க," என்றேன். நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே அமுக்கினார். பிறகு சோறும் மீன்கறியும் விளம்பினேன். சாப்பிட்டு முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. திரும்ப வந்து, கார்டில் வர வேண்டிய மாதிரி அவர் பெயரைத் தமிழில் அடித்தேன். சேவ் பண்ணி, பட்டியலைக் காட்டினேன். வியாழக்கிழமை, பகல் மூன்றேகால்.

"வியாழக்கிழமை மூணேகாலுக்கு நீங்க எங்க இருந்திய அத்தான்?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "எனக்க வீட்டில. நீ எனக்க முன்னாலதானே உக்காந்து சாயா குடிச்சிட்டு இருந்தே."

"அப்போ இதை அடிச்சது யாரு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ அந்தப் பயல் கள்ளம் பறயல்ல," என்றார். அவன் பொய் சொல்லவில்லைதான் என்றேன். வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்க்காமல், "பையனுக்கு என்னைக்கு வண்டி?" என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். "மணி?" சொன்னேன். வாறேன் என்று சொல்லவில்லை. மணி மட்டும் கேட்டார். வருவார் என்று நான் நம்புகிறேனா என்றால், முழுதாக இல்லை. மூன்று வருடம் பேசாமல் இருந்த மனுஷன். இதை நீ படிக்கும்போது பாறசாலை ஸ்டேஷனுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுதும் எனக்குத் தெரியாது.

அங்கே போய் நீ தேதிகளைத் திருத்தப்போகிறாய். மற்றதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்; ஒன்றை மட்டும் அம்மா சொல்லித் தருகிறேன். கம்ப்யூட்டர் ஒரு மணியைக் காட்டினால், அந்த மணியை அதற்குச் சொன்னது யார் என்று முதலில் கேள். உன்னோடு தங்குகிற பையன்களைப் பற்றி ஏதாவது தப்பாகத் தெரிந்தால், கூட்டத்தில் வைத்துக் கேட்காதே, தனியாகக் கேள். அவன் இல்லை என்றால், குறைந்தது ஒரு ராத்திரியாவது அதை நம்பிப் பார். நான் ஒரு நிமிடம்கூட நம்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் பெட்டிக்கு இரண்டு பூட்டும் போடு. அது என் குணம். இந்த வயதில் அவ்வளவு சீக்கிரம் போகாது. உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். உடனே தந்துவிடாதே. அவசரமாகத் தந்தால், என்னைச் சமாதானப்படுத்தத்தான் தருகிறாய் என்று மறுபடி சந்தேகப்படுவேன்.

இன்று நெய்யாற்றின்கரைக்குப் போன நீ திரும்புவதற்குள் இதை முடிக்க வேண்டும். ஆணியிலிருந்து வயரை எடுத்து, நீ முன்பு செய்ததை நினைத்து நினைத்து, நானே மாட்டியிருக்கிறேன். முனையில் மூடியைத் திருக மறந்து அரைமணி நேரம் போனது. இப்போது இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒன்றையொன்று தெரிகிறது. இந்தக் கடிதம் பழையதில் அடித்தது. உன் அறையில் மூன்று பிரதியாக வரும். உன் பக்கம் இன்னும் எனக்குத் திறந்துதான் இருக்கிறது. நீ மூடவே இல்லை, இத்தனைக்கும் பிறகும். என் பக்கத்துப் பாஸ்வேர்டை இன்று எடுத்துவிட்டேன்.

மதியம் பழையதைப் போட்டதும் அது தேதி கேட்டது. என்டர் அடிக்கவில்லை. காலண்டரைப் பார்த்து அடித்தேன். மணி கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்; அதன்மேலும் சந்தேகம் வந்து, கிணற்றடியில் நின்ற உன் அப்பாவைக் கூப்பிட்டு, அவர் கைக்கடிகாரத்திலும் கேட்டுக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான். சனிக்கிழமை, பகல் இரண்டே முக்கால். இந்த ஃபைலுக்குப் பக்கத்தில் என்ன மணி இருக்கிறதோ, அந்த மணிக்கு இதை எழுதியது நான்தான்.

அம்மா